சௌந்திரத்தின் வாசலில் கோழி

சௌந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவள் பேரிலிருந்தே எனக்கு வயிறு எரியும். சௌந்திரம் என்று கூப்பிட்டால் வாய் நிறைகிறது. எனக்கு வைத்த பேர் பாவாயி. ரேஷன் கடையில் இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கைத்தடியோடு ஒரு கிழவி வருவாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஒரே வருஷத்தில் கல்யாணம் ஆனது, ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆனால் எதிலுமே அவளுக்கு ஒரு படி மேலே அமைந்துவிடும். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் அதைச் செய்திருக்க மாட்டேனா?

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது நாங்கள் வேலை செய்யும் ஹேச்சரி. முட்டைகளை மெஷினில் அடுக்கி மூன்று வாரம் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற இடம். பொரித்த குஞ்சுகளைப் பிரித்து, கழுத்தில் ஊசி போட்டு, பெட்டியில் அடைத்து, அன்றைக்கே பண்ணைகளுக்கு வண்டி ஏற்றிவிடுவோம். உள்ளே போகும்போது தலைக்குக் குளித்து, கம்பெனி உடுப்பு மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிற யாரும் தங்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. காடை, வாத்து, புறா எதுவும் கூடாது. வீட்டுக் கோழிக்கு வந்த சீக்கை நாம் உடம்பில் ஒட்டிக்கொண்டு போனால் அத்தனை குஞ்சும் போய்விடும் என்பார்கள். கோயில் நோம்பிக்குச் சேவல் நேர்ந்துகொண்டால்கூட அதைப் பங்காளி வீட்டில்தான் கட்டிவைப்போம். அப்படிக் கோழி வளர்க்கிற வீட்டுக்குள் போய் வந்தது தெரிந்தால் சில நாளைக்கு உள்ளே விட மாட்டார்கள். மோகன்குமார் என்கிற பையன் அவ்வப்போது பைக்கில் வந்து எங்கள் வீடுகளைச் சுற்றிப் பார்ப்பான். கொல்லைப்புறம் வரை போய்ப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவான். சுற்றுவட்டாரம் முழுக்கக் கோழியை வைத்துப் பிழைக்கிறது. எங்கள் வாசலில் மட்டும் ஒரு கோழி கிளறாது.

ஊசி போடுகிற ஹாலில் எங்களுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி. மேற்பார்வை பார்க்கிறவளுக்கு மட்டும் மஞ்சள் தொப்பி. அந்த மஞ்சள் தொப்பி சௌந்திரத்துக்குத்தான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் அதிகாரம் பண்ணியிருந்தாலாவது நான்கு பேரிடம் சொல்லி ஆறியிருப்பேன். அதையும் செய்ய மாட்டாள். யாருக்காவது கை ஓய்ந்தால் அந்த இடத்தில் தானே நின்று ஊசி போடுவாள். எல்லோரும் அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே போவார்கள். நான் பக்கத்து மேசையில் குஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது எனக்கு வர வேண்டியது. சேர்ந்த அன்று வாசலில் எனக்கு முன்னால் நின்றாள் என்பதைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது?

அவளைப் பார்த்து நான் காப்பி அடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சின்னுசாமி சொல்வார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை அவருக்கு. அவர் சொல்வது சுத்தப் பொய். அவள் மெரூன் கலரில் ஸ்கூட்டி எடுத்தாள். எனக்கும் வண்டி தேவையாக இருந்தது, எடுத்தேன். கடையில் அன்றைக்கு மெரூன்தான் இருந்தது. அவள் சமையல் மேடைக்குக் கருப்புக் கிரானைட் போட்டாள். நம் வீட்டு மேடையும் பெயர்ந்துதானே கிடந்தது? அவள் மகள் தனப்பிரியா படித்த காலேஜில்தான் என் மகள் தீபிகாவையும் சேர்த்தேன். நல்ல காலேஜ் என்றால் நான்கு பேர் சேர்க்கத்தான் செய்வார்கள். இதில் காப்பி எங்கே வந்தது?

அவள் வீட்டுக்காரர் அப்புசாமி ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் போர்வெல் போடுகிறவர். மாதக்கணக்கில் வீட்டுக்கு வர மாட்டார். வந்தால் கை நிறையப் பையோடு வருவார். என் வீட்டுக்காரர் தினமும் வீட்டுக்கு வருகிறார். தினமும் வருகிறவர் கையில் என்ன இருக்கும், காலி டிபன் பாக்ஸ்தான். இதைக்கூட அவளிடம் ஒருநாள் சொன்னேன். அவள் சிரித்தாள். "மாத்திக்கலாமா புள்ள" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு நெருக்கமானவள் யாரென்றால் நான்தான். வேனில் ஒரே சீட்டு. சாப்பாட்டு நேரத்தில் என் குழம்பு அவளுக்கு, அவள் பொரியல் எனக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் அவள் தோட்டத்து வீட்டுக்குப் போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன். பொறாமை இருந்தால் சிநேகம் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வேன் கைகாட்டி ஸ்டாப்புக்கு வந்தபோது சௌந்திரம் அங்கே நிற்கவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். வேனில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஏனக்கா, சௌந்திரக்கா வல்லீங்களா?" என்று பின் சீட்டிலிருந்து கயல்விழி கேட்டாள். ஹாலில் எங்களுக்கெல்லாம் இளையவள் அவள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், இறங்கும்போது "வாரேம் புள்ள" என்று எப்போதும் போலத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அதற்காகத் தெரியாது என்று சொல்ல முடியுமா? அவளுக்கு நெருக்கமானவள் என்கிற பேர் ஒன்றுதான் அந்த வேனில் எனக்கு இருக்கிற சொத்து.

"காய்ச்சலு. எங்கிட்டச் சொன்னா" என்றேன்.

சொன்ன வாயை அதோடு மூடியிருக்கலாம். தினமும் கேட்டார்கள், தினமும் நான் கூட்டிச் சொன்னேன். காய்ச்சல் மூட்டு வலி ஆனது, மூட்டு வலி ரத்தப் பரிசோதனை ஆனது. கஞ்சிதான் குடிக்கிறாள் என்றேன். பாவம் என்றார்கள். கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படுத்துக் கிடந்தாலும் அவளுக்கு இத்தனை மரியாதையா என்று. போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. பார்த்துவிட்டும் எடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த ரோசத்தில் நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை.

அவள் நின்றுவிட்டிருப்பாள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஹாலில் யாராவது வேலையை விட்டு நிற்பதென்றால் அது ஒரு கல்யாண வீடு மாதிரி. ஒரு மாதம் முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். கடைசி நாளில் மிக்சரும் டீயும் வாங்கி, எவர்சில்வர் தூக்குப் போசி ஒன்றில் பேர் வெட்டிக் கொடுத்து, எல்லோரும் கூட நின்று போட்டோ எடுத்து, அழுது, வேன் ஏற்றி அனுப்புவோம். மஞ்சள் தொப்பிக்காரி ஒருத்தி அப்படி எதுவும் இல்லாமல் நின்றுவிடுவாள் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த வாரக் கடைசியில் ஒரு காதுகுத்துக்குப் போவதற்காக மினி பஸ் ஏறினேன். அந்த பஸ் சௌந்திரத்தின் தோட்டத்தை ஒட்டிப் போகும். காய்ச்சல்காரி எப்படி இருக்கிறாள் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முறத்தை இடுப்பில் இடுக்கி, கம்புத் தானியத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு செங்கருப்பு நாட்டுக்கோழி. அதன் பின்னால் ஒரு கூட்டம் குஞ்சு. வேப்ப மரத்தடியில், கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கொடாப்பு புதுசாக மின்னிக்கொண்டிருந்தது.

காதுகுத்து வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. மனசு அப்படி நிறைந்திருந்தது. காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, இவள் லீவு போட்டுவிட்டுக் கோழி வளர்க்கிறாள். மஞ்சள் தொப்பிக்காரியே சட்டத்தை மீறுகிறாள். எத்தனை வருஷம் காத்திருந்தேன், அவளிடம் ஒரு குறை கண்ணில் படாதா என்று. இன்றைக்குக் குஞ்சும் குளுவானுமாகப் பட்டுவிட்டது. தொப்பி இனி எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஹாலுக்குள் மேனேஜர் ஜீவானந்தம் வந்ததும் மேசையை விட்டு முன்னால் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான்கு பேர் காதில் விழட்டும் என்றுதான் அங்கேயே சொன்னேன்.

"சார், ஒண்ணு சொல்லோணுங்க. சொல்லாம உட்டா நாளைக்கு நம்ம குஞ்சுங்களுக்குத்தான் ஆபத்து. சௌந்திரம் ஊட்டுல நாட்டுக்கோழி வளக்கறாங்க. என்ற கண்ணால பாத்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வளக்கட்டுங்க்கா. அவங்கதான் வேலைய உட்டு நின்னுட்டாங்களே. போன மாசமே எங்கிட்டச் சொல்லி, எல்லாம் முடிச்சுட்டுத்தான் போனாங்க. ஆருக்கும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால நானும் சொல்லலீங்க. ஏங்க்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்கதான காய்ச்சல்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களாமா?"

கயல்விழி ஊசியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. நெருக்கமானவள் என்கிற பேரும் போச்சு, உண்மை பேசுகிறவள் என்கிற பேரும் போச்சு, அவளைக் காட்டிக்கொடுக்க வந்தவள் என்று வேறு ஆயிற்று. அதோடு விட்டாரா அந்த மனுஷன்? ஆபீஸ் ரூமுக்குப் போய் ஒரு கவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உள்ளே மஞ்சள் தொப்பி.

"நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். இப்பவே போட்டுக்குங்க. ஆரப் போடலாம்னு கேட்டப்ப அவங்க உங்க பேரத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

ஊசிக் கையாலேயே அதை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? எத்தனை வருஷமாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த தொப்பி, கடைசியில் அவள் போட்ட பிச்சையாக வந்து என் தலையில் உட்கார்ந்தது. நான் பிடுங்கியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டாப்பில் விட்டிருந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அவள் தோட்டத்துக்குப் போனேன். வாசல் கேட்டைத் தள்ளக் கை வைத்தேன்.

"அங்கயே நில்லு புள்ள. உள்ள வராத" என்று வீட்டிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் உள்ள வரக்கூடாதாக்கும்? அத்தன பெரிய ஆளாயிட்டியா?"

"கோழி இருக்குதுல்ல. இந்த மண்ண மிதிச்சுட்டுப் போனீனா நாளைக்கு உன்னய உள்ள உட மாட்டாங்க. மஞ்சத் தொப்பிக்காரி மொத நாளே வெளிய நிக்கோணுமா? சித்த இரு."

ஒரு பிளாஸ்டிக் சேரைக் கழுவிக் கேட்டுக்கு மேலாகத் தூக்கி என் பக்கம் இறக்கிவைத்தாள். தனக்கொரு முக்காலியைப் போட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் அவள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தவள், பால்காரனைப் போல ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. நான் காலையில் ஊசி போடப் போகிறவள்.

"ஏஞ் சொல்லல?" என்றேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "வேன்ல பக்கத்துலயே ஒக்காந்து வந்தீல்ல. வாரேன்னு சொல்லிட்டுத்தான எறங்குன. ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அவள் காலடியில் மேய்ந்த ஒரு குஞ்சை நோக்கிக் கையைக் காட்டினாள். அது மற்றதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. இறகு முளைக்கிற பருவம், பஞ்சும் இறகுமாகப் பார்க்க அசிங்கமாக இருந்தது.

"இதப் பாரு புள்ள. சந்தையில தாயோட வாங்கியாந்தப்ப வெறும் பஞ்சு, இப்ப றெக்க வந்துருச்சு. நாம எத்தன குஞ்சப் புடிச்சிருப்போம்? பொறந்த அன்னிக்கே ஊசியப் போட்டுப் பொட்டியில அடைச்சு அனுப்பிச்சர்றோம். அது பொறவு எப்படி நிக்குது, எப்படி மேயுதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. ஒண்ணே ஒண்ணாச்சும் என்ற கண்ணு முன்னால வளந்து பாக்கோணும்னு இருந்துச்சு. தனப்பிரியாவுக்கும் கோயமுத்தூருல வேல ஆயிருச்சு. இனி என்னன்னு நின்னுட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு உண்டான எரிச்சல் தொப்பியால் வந்ததில்லை, பேரால் வந்ததில்லை. வண்டியையும் கிரானைட்டையும்கூட மறந்துபோனேன். நானும்தானே அதே குஞ்சைப் பிடித்தேன். அதே ஹாலில், அதே மேசையில், அத்தனை வருஷம். இப்படி ஓர் ஆசை எனக்கு ஏன் வரவில்லை? ஆசைப்படுவதில்கூட இவள் எனக்கு முந்திக்கொண்டாள்.

"நல்ல ஆச. அதுக்கு எங்கிட்டச் சொல்லக் கூடாதாக்கும். நான் கண்ணு வெச்சுருவேன்னு பயந்துட்டயா?"

"நீ கண்ணு வெச்சா எனக்கென்ன?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா நீயும் நின்னுருவ."

நான் சேரை விட்டு எழுந்தேன்.

"வண்டி எடுத்தா எடுத்த. மேடைக்குக் கல்லுப் போட்டா போட்ட. நான் ஒண்ணும் சொல்லல, அதெல்லாம் ஊட்டுக்கு ஆவுற சாமான். இது அப்படி இல்ல புள்ள. தீபிகா படிப்பு முடியோணும். நான் நிக்கறேன்னு சொன்னேனா, அடுத்த வாரமே நீயும் சார்கிட்டப் போயி நின்னிருப்ப. இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

இல்லை என்று சொல்லத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. சேரைத் தூக்கிக் கேட்டுக்கு மேலே அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். "அப்பறம் வாரயா புள்ள?" என்று பின்னாலிருந்து கேட்டாள். எங்கே வருவது? இந்தத் தொப்பி தலையில் இருக்கிறவரை அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கால் வைக்க வழியில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது ஹாலில் நான்தான் மஞ்சள் தொப்பி. என்னையும் அக்கா என்கிறார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று சின்னுசாமி கறி எடுத்து வந்தார். ஆடுதான். கண்ணாடியில் பார்த்தேன், தொப்பி எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவள் தலையில் இருந்தபோது இருந்த மாதிரி இல்லை. அவள் வேண்டாம் என்று கழற்றிப் போட்டதைப் போட்டுக்கொண்டு நான் யாரைப் பார்த்து எரிவது? பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலோரமாக உட்காருகிறேன். அந்த அசிங்கமான குஞ்சு இப்போது சேவலாகிவிட்டது. கழுத்தில் பொன் நிறம். திண்டின்மேல் ஏறி நின்று கூவுகிறது. பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்பதில்லை.

தை மாதம் சந்தைக்குப் போனவள் வெங்காயத்தோடு ஒரு மூங்கில் கொடாப்பும் வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் மலிவாகக் கிடைத்தது. கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். அந்த இடத்தில் நிழல் நன்றாக இருக்கும். "எதுக்கு புள்ள இது?" என்று சின்னுசாமி கேட்டார். "கெடக்கட்டுங்க" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அந்தக் காப்பி பேச்சை எடுக்காமல் உள்ளே போய்விட்டார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மோகன்குமார் இந்த வாரம் வீடு பார்க்க வந்தான். டீயைக் கையில் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனவன் கொடாப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டான். டம்ளரைக் கல்லின்மேல் வைத்தான். குனிந்து, மெதுவாக, கோழி பறந்துவிடும் என்று நினைத்தவனைப் போல ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான். அடியில் வெறும் மண்தான் இருந்தது. நான் காலையில்தான் கூட்டி வைத்திருந்தேன்.

"என்னங்க்கா இது, உள்ள ஒண்ணுமில்ல?"

"வத்தல் காயப்போட்டா காக்கா தூக்குது. மூடறதுக்கு."

அவன் சுற்றிலும் பார்த்தான். வத்தல் எங்கேயும் காயவில்லை.

"மஞ்சத் தொப்பிக்காரங்க ஊட்டுலயே இது கெடந்தா மத்தவங்க என்ன நெனப்பாங்க? எடுத்து உள்ள வெச்சுருங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தீபிகாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. முடியட்டும். என்றைக்கோ ஒருநாள் வேன் வந்து ஹார்ன் அடிக்கும், நான் அங்கே நிற்க மாட்டேன். கயல்விழியிடம் சொல்ல மாட்டேன், அந்த ஹாலில் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன். சௌந்திரத்திடம் சத்தியமாகச் சொல்ல மாட்டேன். ஒருநாள் அவளும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொள்ளட்டும்.